பட்டியலில் இல்லாத பெயரைக் கவனியுங்கள்

கல்லூரிக் கூடைப்பந்து நமக்குச் சொல்லும் பாடம்

லாயாங் லாயாங்: அணித் தேர்வு நாளில் பயிற்றுநரின் கண் முதலில் யார் மீது விழுகிறது? உயரமானவர் மீது. அடுத்து, போன ஆண்டு ஆடியவர் மீது. அதற்கும் அடுத்து, பெயர் பெற்ற பள்ளியின் சீருடையில் வந்தவர் மீது. இந்த மூன்று வகையிலும் சேராத மாணவர் ஓரத்தில் நின்று தம் முறைக்காகக் காத்திருக்கிறார். அவருக்கு ஐந்து நிமிட ஆட்டம் கிடைக்கிறது. விசில் ஊதப்படுகிறது. தேர்வு முடிந்துவிட்டது.

சிறிய ஊர்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இது புதிய கதையன்று. ஜொகூர், குளுவாங் மாவட்டத்தில் ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையே, இரயில் பாதையை ஒட்டிச் செம்பனைத் தோட்டங்கள் சூழ இருக்கும் ஊர் லாயாங் லாயாங். இப்படிப்பட்ட ஊர்களில் திறமைக்குப் பஞ்சம் இல்லை. அதைப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் பஞ்சம்.

மலாய் மொழியில் லாயாங் லாயாங் என்றால் காற்றாடி, அதாவது பட்டம். தமிழில் வானத்தில் பறப்பதும் பட்டம். பல்கலைக்கழகத்தில் படித்துப் பெறுவதும் பட்டம். இரண்டும் மேலே எழ, தொடக்கத்தில் யாராவது ஒருவர் நூலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட வேண்டியிருக்கிறது.

யார் கவனிக்கப்படுகிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்ற கேள்விக்கு ஆண்டுதோறும் பல கோடி பேர் பார்க்க விடை சொல்லும் போட்டி ஒன்று உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே மார்ச் மாதத்தில் நடக்கும் கூடைப்பந்துப் போட்டிதான் அது. அதில் பெரிதாக எதிர்பார்க்கப்படாத ஆட்டக்காரர்கள் சிலரை இன்று பார்ப்போம். பிறகு நம் திடலுக்குத் திரும்புவோம்.

ஒரு தோல்வி போதும், வீட்டுக்குப் போகலாம்

இந்தப் போட்டி 1939இல் ஆண்களுக்காகத் தொடங்கியது. அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டு மன்றம் பெண்களுக்கான போட்டியை 1982இல் தொடங்கியது. முதல் பிரிவில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. ஆண்கள் போட்டி 2011இல் 68 அணிகளாக விரிந்தது. அணிகள் நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரத்திலும் 1 முதல் 16 வரை தரவரிசை எண் பெறுகின்றன. முதல் சுற்றில் 1ஆம் எண் அணி 16ஆம் எண் அணியைச் சந்திக்கும்; 2ஆம் எண் 15ஆம் எண்ணைச் சந்திக்கும். தோற்ற அணி அன்றே மூட்டை கட்ட வேண்டும். இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

எனவே 16ஆம் எண் பெற்ற அணிக்கு அந்த எண்ணே ஒரு தீர்ப்பு மாதிரி. ஆண்கள் போட்டியில் 1985 முதல் 2017 வரை 1ஆம் எண்ணும் 16ஆம் எண்ணும் மோதிய 132 ஆட்டங்களிலும் 1ஆம் எண் அணிதான் வென்றது. 2018இல் அந்தத் தீர்ப்பு திருத்தப்பட்டது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி கிளை, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை 74-54 என்று வென்றது. அதுவரை அந்தக் கிளை, சதுரங்க அணிக்காகப் பெயர் பெற்றிருந்த கல்லூரி. அதன் ஆட்டக்காரர் ஜைரஸ் லைல்ஸ் அன்று 28 புள்ளிகள் எடுத்தார்.

வரலாற்றில் முதல் முறை என்று உலகம் கொண்டாடியது. உண்மையில் அது முதல் முறையன்று. இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1998 மார்ச் 14ஆம் தேதி, 16ஆம் எண் பெற்ற ஹார்வர்ட் பெண்கள் அணி 1ஆம் எண் பெற்ற ஸ்டான்ஃபர்டை, அதன் சொந்தத் திடலிலேயே 71-67 என்று வீழ்த்தியிருந்தது. ஸ்டான்ஃபர்டின் முக்கிய ஆட்டக்காரர்கள் இருவர் காயத்தால் ஆடவில்லை என்பது உண்மை. ஆனால் ஹார்வர்டின் அலிசன் ஃபீஸ்டர் அன்று 35 புள்ளிகள் எடுத்தார் என்பதும் உண்மை. அந்தப் பருவத்தில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களிலேயே அதிக சராசரிப் புள்ளிகள் எடுத்தவரும் அவர்தான். இவ்வளவு செய்தவரின் அணியையே 2018இல் பலர் மறந்துவிட்டார்கள் என்றால், கவனிக்கப்படாமை என்பது ஆட்டத்துக்கு முன்பு மட்டுமின்றி ஆட்டத்துக்குப் பின்பும் நடக்கிறது என்று தெரிகிறது.

உடம்பைப் பார்த்து ஒதுக்கியவர்கள்

ஸ்டீஃபன் கரியை இன்று அறியாதவர் யார்? ஆனால் உயர்நிலைப் பள்ளி முடித்தபோது அவர் ஒல்லியான, சராசரி உயரமுள்ள ஒரு பையன். அவருடைய தந்தை டெல் கரி என்.பி.ஏ. ஆட்டக்காரர், வர்ஜீனியா டெக் கல்லூரிக்காக ஆடியவர். அந்தக் கல்லூரிகூட மகனுக்கு விளையாட்டு உபகாரச் சம்பளம் தர முன்வரவில்லை. வேண்டுமானால் சொந்தச் செலவில் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்ற அளவிலேயே நின்றது. கரி, வட கரோலினாவில் இருந்த டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அப்போது ஏறத்தாழ 1,700 மாணவர்களே படித்தார்கள்.

கல்லூரியில் அவர் ஆடிய முதல் ஆட்டத்தில் பந்தை 13 முறை எதிரணியிடம் பறிகொடுத்தார். ஒரு புதிய மாணவரை ஓரத்தில் உட்கார வைக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? பயிற்றுநர் பாப் மெக்கிலப் அப்படிச் செய்யவில்லை. அடுத்த ஆட்டத்திலும் அவரை இறக்கினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான அந்த ஆட்டத்தில் கரி 32 புள்ளிகள் எடுத்தார்.

2008 மார்ச்சில் டேவிட்சன் 10ஆம் எண்ணோடு வந்தது. கரி கொன்சாகாவுக்கு எதிராக 40, ஜார்ஜ்டவுனுக்கு எதிராக 30, விஸ்கான்சினுக்கு எதிராக 33 புள்ளிகள் எடுத்தார். அணி கடைசி எட்டுக்குள் நுழைந்தது. அந்தச் சுற்றில் கான்சஸ் அணியிடம் 59-57 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது. அந்த ஆண்டின் வெற்றியாளர் கான்சஸ்தான்.

சி.ஜே. மெக்கல்லம் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரைச் சேர்ந்தவர். உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டில் அவருடைய உயரம் வெறும் 5 அடி 2 அங்குலம். வளர்ச்சி தாமதமாக வந்தது. பெரிய கல்லூரிகளின் கவனமோ அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. லீஹை என்ற கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. 2012இல் 15ஆம் எண்ணோடு வந்த லீஹை, 2ஆம் எண் பெற்ற புகழ்மிக்க டியூக் அணியை 75-70 என்று வென்றது. மெக்கல்லம் எடுத்தது 30 புள்ளிகள். இதழியல் படித்துப் பட்டமும் பெற்ற அவர், 2013 என்.பி.ஏ. தேர்வில் பத்தாவதாக எடுக்கப்பட்டார்.

இந்த இருவரின் கதையிலும் ஒரே தவறு ஒளிந்திருக்கிறது. பதினைந்து வயதில் இருக்கும் உடம்பைப் பார்த்து, இருபது வயதில் வரப்போகும் ஆட்டத்தை முடிவு செய்துவிட்டார்கள்.

இடத்தைப் பார்த்து ஒதுக்கியவர்கள்

ஜா மொராண்ட், தென் கரோலினாவின் டால்செல் என்ற சிற்றூர்க்காரர். 2016இல் ஒரு பயிற்சி முகாமில், பெயர் பெற்றவர்கள் எல்லாம் முதன்மை அரங்கில் ஆட, அவர் பக்கத்தில் இருந்த துணை அரங்கில் மூவருக்கு மூவர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். மரே ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்றுநர் ஜேம்ஸ் கேன், கொறிக்க ஏதாவது வாங்கலாம் என்று வெளியே வந்தவர், பந்துச் சத்தம் கேட்டு அந்தத் துணை அரங்கை எட்டிப் பார்த்தார். பார்த்ததும் தலைமைப் பயிற்றுநரைக் கூப்பிட்டார்.

2019 மார்ச்சில் 12ஆம் எண் பெற்ற மரே ஸ்டேட், 5ஆம் எண் பெற்ற மார்கெட் அணியை 83-64 என்று வென்றது. மொராண்ட் 17 புள்ளிகள், 11 ரீபவுண்ட், 16 அசிஸ்ட் எடுத்தார். சில மாதங்களில் என்.பி.ஏ. தேர்வில் இரண்டாவது ஆளாகத் தேர்வானார். அடுத்த ஆண்டு சிறந்த புதுமுகம் விருதும் பெற்றார். ஒருவருக்குப் பசி எடுத்த நேரத்தில் ஒரு வாழ்க்கை மாறியது என்று கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: அன்று அந்தப் பயிற்றுநருக்குப் பசிக்காமல் இருந்திருந்தால்? எத்தனை துணை அரங்குகளில் எத்தனை பேர் யாரும் எட்டிப் பார்க்காமல் ஆடி முடித்திருப்பார்கள்?

2023இல் இன்னொரு 16ஆம் எண் அணி வென்றது. ஃபேர்லி டிக்கின்சன் என்ற அந்த அணி, முந்தைய பருவத்தில் 4 ஆட்டங்களில் மட்டும் வென்று 22இல் தோற்றிருந்தது. புதிதாக வந்த பயிற்றுநர் டோபின் ஆண்டர்சன், தாம் முன்பு பணிபுரிந்த இரண்டாம் பிரிவுக் கல்லூரியிலிருந்து மூன்று ஆட்டக்காரர்களைத் தம்முடன் அழைத்து வந்தார். அவர்களில் டெமெட்ரே ராபர்ட்ஸின் உயரம் 5 அடி 8 அங்குலம். முதல் பிரிவு முழுவதிலும் சராசரி உயரம் மிகக் குறைந்த அணி அதுதான். எதிரில் இருந்த பர்டியூ அணியிலோ 7 அடி 4 அங்குல உயரமுள்ள சாக் ஈடி நின்றார். அந்த ஆண்டின் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் அவர். முடிவு 63-58. குள்ளமான அணி வென்றது. அதிக புள்ளிகள், 19, எடுத்த ஷான் மூர், இரண்டாம் பிரிவிலிருந்து வந்த அந்த மூவரில் ஒருவர்.

முகத்தைப் பார்த்து ஒதுக்கியவர்கள்

ஜெரமி லின்னின் பெற்றோர் தைவானிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குடியேறியவர்கள். 2006இல் அவர் தம் உயர்நிலைப் பள்ளி அணியை மாநில வெற்றியாளர் ஆக்கினார். ஆனாலும் முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஒன்றுகூட அவருக்கு விளையாட்டு உபகாரச் சம்பளம் தரவில்லை. ஆசிய முகமுள்ள ஒருவர் கூடைப்பந்து ஆடுவார் என்ற எண்ணமே பலருக்கு வரவில்லை. விளையாட்டு உபகாரச் சம்பளமே வழங்காத ஹார்வர்டில் சேர்ந்து படித்து, ஆடினார். மார்ச் போட்டி மேடை அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. 2010 என்.பி.ஏ. தேர்வில் அவர் பெயரை யாரும் அழைக்கவில்லை. 2011 டிசம்பரில் இரண்டு அணிகள் அவரை அடுத்தடுத்து விடுவித்தன.

2012 பிப்ரவரியில் நியூயார்க் நிக்ஸ் அணி, ஆள் பற்றாக்குறையால் அவரை இறக்கியது. 4ஆம் தேதி 25 புள்ளிகள். 10ஆம் தேதி லேக்கர்ஸுக்கு எதிராக 38 புள்ளிகள். அந்த மாதம் உலகமே அவரைப் பற்றிப் பேசியது.

நம் நாட்டில் கூடைப்பந்து என்றால் சீன மாணவர்களின் ஆட்டம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. சீனப் பள்ளிகள் அந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்திருக்கின்றன. அந்தப் பெருமை அவர்களுக்கு உரியது. ஆனால் அதிலிருந்து "நமக்கு இது ஒத்துவராது" என்று ஒரு தமிழ் மாணவரே முடிவு கட்டினால், லின்னுக்கு அமெரிக்கா செய்ததை நாமே நமக்குச் செய்துகொள்கிறோம். ஆசியான் கூடைப்பந்து லீக்கில் கோலாலம்பூர் டிராகன்ஸ் அணிக்காக ஆடிய குகனேஸ்வரன் பத்துமலையும் சத்தியசீலன் குப்புசாமியும், தேசிய மகளிர் அணியில் ஆடிய கலைமதி ராஜிந்திரனும் அப்படி முடிவு கட்டாதவர்கள். மலேசிய மகளிர் அணி 2015, 2017 ஆகிய இரு சீ விளையாட்டுப் போட்டிகளிலும் தங்கம் வென்றது. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தமிழகத்தைப் பார்த்தால், சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் அணியின் தலைவியாக நெடுங்காலம் ஆடியவர். தாய்மைக்குப் பின் மீண்டும் திடலுக்கு வந்து, 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியின் இரண்டாம் பிரிவில் இந்தியா வென்றபோது அணியை வழிநடத்தினார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இந்தியாவிலும் கிரிக்கெட்டின் நிழலில் கூடைப்பந்து தெரியாமல் போவதால், அவர் பெயர் தமிழ் வீடுகளுக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

வலைப்பந்து ஆடும் மாணவிகள் கவனத்துக்கு

நம் பள்ளிகளில் மாணவிகள் பெரும்பாலும் ஆடுவது வலைப்பந்து. 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்த கூடைப்பந்திலிருந்து கிளைத்ததுதான் வலைப்பந்து. இரண்டிலும் வளையத்தின் உயரம் ஒன்றே: 3.05 மீட்டர். ஆனால் கூடைப்பந்து வளையத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர். வலைப்பந்து வளையமோ 38 சென்டிமீட்டர்தான். பின்னால் பலகையும் கிடையாது. அப்படியென்றால் ஒரு வலைப்பந்து கோல் வீச்சாளர், கூடைப்பந்தைவிடச் சிறிய இலக்கில், பலகையின் உதவியின்றிப் பந்தைப் போட்டுப் பழகியவர். கூடைப்பந்து அணித் தேர்வில் அவரை யாராவது அழைத்துப் பார்த்திருக்கிறார்களா?

யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 2.08 மீட்டர். சிறு வயதில் கேலிக்கு ஆளாக்கிய அதே உயரம், பின்னர் இலங்கை வலைப்பந்து அணியின் பெரும் பலமானது. 2009லும் 2018லும் ஆசிய வெற்றியாளர் பட்டம் வென்ற இலங்கை அணியில் அவர் இருந்தார். ஆஸ்திரேலியாவிலும் போய் ஆடினார். உயரம் குறைந்ததால் ஒதுக்கப்பட்டவர்களைப் பார்த்தோம். கூடியதால் ஒதுங்கி நின்றவர்களும் உண்டு.

சிறிய அணி வெல்வது அதிர்ஷ்டமா?

அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் அந்த அதிர்ஷ்டத்துக்குக் கணக்கும் உண்டு. எஸ்.டி.பி.எம். கணிதம் படிக்கும் மாணவர்கள் ஈருறுப்புப் பரவலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஓர் அணி 30 முறை இரண்டு புள்ளி வீச்சு எறிகிறது. இரண்டுக்கு ஒன்று உள்ளே போகும் என்று வையுங்கள். இன்னோர் அணி 30 முறை மூன்று புள்ளி வீச்சு எறிகிறது. மூன்றுக்கு ஒன்று உள்ளே போகும். இரண்டு அணிக்கும் எதிர்பார்க்கும் சராசரி 30 புள்ளிகளே. ஆனால் திட்ட விலக்கம் முதல் அணிக்கு ஏறத்தாழ 5.5 புள்ளிகள், இரண்டாவது அணிக்கு ஏறத்தாழ 7.7 புள்ளிகள். அதாவது, தூரத்திலிருந்து எறியும் அணிக்கு மோசமான நாள் வந்தால் மிக மோசமாக இருக்கும்; நல்ல நாள் வந்தால் மலையையும் சாய்க்கும். பலம் குறைந்த அணிக்கு வேண்டியது சராசரி நாளன்று. ஒரே ஒரு நல்ல நாள்தான்.

2024இல் 14ஆம் எண் பெற்ற ஓக்லண்ட் அணி, 3ஆம் எண் பெற்ற கென்டக்கியை 80-76 என்று வென்றது இப்படித்தான். இரண்டாம் பிரிவிலிருந்து வந்த ஜாக் கோல்கி அன்று 20 முறை எறிந்தார். இருபதும் மூன்று புள்ளி வீச்சுகளே. பத்து உள்ளே போயின. மொத்தம் 32 புள்ளிகள். அந்தப் பருவத்தில் அவர் எறிந்த இரண்டு புள்ளி வீச்சுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவராக இல்லாமல், ஒன்றில் முழுக்கத் தேர்ந்தவராக இருந்ததே அவரை அணிக்குத் தேவையானவர் ஆக்கியது.

பிறந்த மாதமும் ஒரு தடை

இன்னொரு வகை ஒதுக்கல் யார் கண்ணுக்கும் எளிதில் தெரியாது. நம் பள்ளிப் போட்டிகளில் 15 வயதுக்குட்பட்டோர், 18 வயதுக்குட்பட்டோர் என்ற பிரிவுகள் பிறந்த ஆண்டை வைத்தே கணக்கிடப்படுகின்றன. ஒரே ஆண்டில் ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில்தான் ஆட வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதில் பதினொரு மாத வேறுபாடு என்பது உயரத்திலும் பலத்திலும் பெரிய வேறுபாடு.

கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980களில் இளையோர் பனி ஹாக்கி அணிகளை ஆராய்ந்தபோது, ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே அவற்றில் மிகுதியாக இருந்ததைக் கண்டார். காரணம் ராசி பலன் அன்று. சில மாதங்கள் மூத்தவரைத் திறமையானவர் என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வானவருக்குக் கூடுதல் பயிற்சி கிடைக்கிறது. அந்தப் பயிற்சியால் அவர் உண்மையாகவே திறமையானவர் ஆகிவிடுகிறார். இளையவர் மனம் சோர்ந்து விலகிவிடுகிறார். பிறகு பல விளையாட்டுகளிலும் இதே போக்கு கண்டறியப்பட்டது.

அணியைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெயர்ப் பட்டியலில் பிறந்த மாதத்தையும் எழுதிப் பாருங்கள். ஆண்டின் பிற்பாதியில் பிறந்த ஒருவர் மற்றவர்களுக்குக் கொஞ்சம்தான் பின்தங்கியிருக்கிறார் என்றால், அவர் பின்தங்கியவர்தானா என்று இன்னொரு முறை யோசியுங்கள்.

எதைக் கவனிப்பது?

அடுத்த முறை உங்கள் கல்லூரியிலோ மாவட்ட அளவிலோ ஆட்டம் பார்க்கப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். புள்ளிப் பலகையில் வராத இவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, தடுத்து நிற்பவர். தம் தோழர் தனித்து எறிய வழி கிடைப்பதற்காக எதிராளியின் பாதையில் அசையாமல் நிற்கிறார். ஆட்டக்காரர்கள் இதை ஸ்கிரீன் என்பார்கள். கைதட்டல் எறிந்தவருக்குப் போகும். இடி வாங்கியவர் இவர்.

இரண்டாவது, ரீபவுண்டின்போது பந்தைப் பார்க்காமல் எதிராளியை முதுகால் மறித்து நிற்பவர். பந்தைப் பிடித்தவர் பெயரில் ரீபவுண்ட் எழுதப்படும். பிடிக்க இடம் கொடுத்தவர் பெயர் எங்கும் இராது.

மூன்றாவது, அசிஸ்டுக்கு முந்தைய பாஸ் கொடுத்தவர். எதிரணியின் தடுப்பை முதலில் கலைத்தது பெரும்பாலும் அந்தப் பாஸ்தான்.

நான்காவது, பந்தைப் பறிகொடுத்த கணத்திலேயே தலையைத் தொங்கப் போடாமல் திரும்பி ஓடுகிறவர்.

ஐந்தாவது, வாய் ஓயாமல் பேசுகிறவர். "இடப்பக்கம் வர்றான்", "நான் பாத்துக்கறேன்" என்று தடுப்பாட்டத்தில் குரல் கொடுப்பவர் இருந்தால், ஐந்து பேரும் ஒரே ஆளாக நகர்வார்கள்.

எண்ணாகவே வேண்டும் என்றால் எளிய கணக்கு ஒன்று. ஓர் ஆட்டக்காரர் உள்ளே போகும்போது அவருடைய அணி 20-24 என்று பின்தங்கியிருக்கிறது. அவர் வெளியே வரும்போது 31-27 என்று முன்னிலை. அவர் இருந்த நேரத்தில் அணி 11 புள்ளி எடுத்தது, 3 புள்ளி கொடுத்தது. அவருடைய கணக்கு கூட்டல் 8. ஒருவேளை அவர் ஒரு புள்ளிகூட எடுத்திருக்க மாட்டார். ஓர் ஆட்டத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. அந்த நேரத்தில் உடன் ஆடியவர்களும் இதில் பங்குண்டு. ஆனால் ஐந்தாறு ஆட்டங்களில் ஒரே பெயருக்குக் கூட்டல் வந்துகொண்டே இருந்தால், உங்கள் பயிற்றுநரிடம் அந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டுங்கள்.

கவனிக்கப்பட்ட பிறகு?

மறைக்காமல் ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கதைகளைப் படித்துவிட்டு எல்லாரும் கரி ஆகிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களிலேயே என்.பி.ஏ.வுக்குப் போகிறவர்கள் நூற்றில் ஏறக்குறைய ஒருவர்தான்.

2022இல் 15ஆம் எண் பெற்ற செயின்ட் பீட்டர்ஸ், கென்டக்கி, மரே ஸ்டேட், பர்டியூ என்று மூன்று அணிகளை வென்று கடைசி எட்டுக்குள் போனது. 15ஆம் எண் பெற்ற அணி ஒன்று அவ்வளவு தூரம் போனது அதுவே முதல் முறை. அந்தப் பருவம் முடிந்ததும் பயிற்றுநர் ஷஹீன் ஹாலவே வேறு கல்லூரிக்குப் போனார். ஆட்டக்காரர்களில் பலரும் பிரிந்து வெவ்வேறு கல்லூரிகளுக்குச் சென்றார்கள். கவனிக்கப்படுவது கதையின் முடிவன்று; அங்கேதான் அடுத்த தேர்வு தொடங்குகிறது.

2010இல் கான்சஸ் என்ற 1ஆம் எண் அணியை 69-67 என்று வென்ற வட அயோவா பல்கலைக்கழகத்தின் நாயகன் அலி ஃபரோக்மனேஷ். ஈரானின் கைப்பந்து ஆட்டக்காரர் ஒருவரின் மகன். அவர் என்.பி.ஏ.வில் ஆடவில்லை. பயிற்றுநர் ஆனார், 2025இல் கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநராக உயர்ந்தார். ஆட்டம் கொடுத்த அறிவே அவருக்குத் தொழிலாயிற்று. பயிற்றுநர், உடற்பயிற்சி ஆசிரியர், விளையாட்டு மருத்துவம், புள்ளிவிவர ஆய்வு, இதழியல் எனத் திடலிலிருந்து பிரியும் பாதைகள் பல.

நம் மாணவர்களுக்கு அதைவிட அருகில் ஒரு பயன் இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதி மதிப்பெண்ணில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியவை. பத்து விழுக்காடு சிறியதாகத் தெரியலாம். ஆனால் விரும்பிய துறைக்கு ஒரு மதிப்பெண்ணில் இடம் தவறியவரைக் கேட்டால் அதன் எடை தெரியும். பள்ளி அளவில் ஆடியவர் மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கும், அங்கிருந்து தேசியப் பள்ளிகள் போட்டிக்கும் போகப் படிகள் உள்ளன. அதற்கு அப்பால் சுக்மா உண்டு. உயர்கல்விக்கூடங்களில் சேர்ந்த பிறகும் அவற்றுக்கிடையிலான சுக்கிப்ட், மாசும் போட்டிகள் உண்டு. பதினேழு வயதில் தேர்வாகாதவருக்கு இருபதில் வாசல் திறந்தே இருக்கிறது. மெக்கல்லத்தின் உயரம் போலச் சிலருடைய ஆட்டமும் தாமதமாகத்தான் வளரும்.

எனவே மாணவர்களே, இவ்வாண்டு உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ அணித் தேர்வு அறிவிக்கப்பட்டால் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். ஒன்று, உங்கள் பெயரைப் பதிவு செய்யுங்கள். "என்னை எடுக்க மாட்டார்கள்" என்ற தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டாம். தேர்வாகவில்லை என்றால், எதில் குறை என்று பயிற்றுநரிடம் பணிவாகக் கேளுங்கள். சொன்னதைப் பயிற்சி செய்து அடுத்த தேர்வுக்கு மறுபடியும் போய் நில்லுங்கள்.

மற்றொன்று, உங்கள் வகுப்பில் நன்றாக ஆடியும் வாய் திறவாத ஒரு தோழரோ தோழியோ இருப்பார். பயிற்சி முடிந்து போக வண்டி கிடைக்குமா, காலணி வாங்க முடியுமா, வீட்டில் விடுவார்களா என்று யோசித்து அவர் பின்வாங்கிக்கொண்டிருக்கலாம். அவர் பெயரையும் ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். துணை அரங்கை எட்டிப் பார்க்க எப்போதும் ஒரு பயிற்றுநருக்குப் பசிக்கும் என்று காத்திருக்க முடியாது.